லக்ஷிகாவின் நேர்த்தி

பிள்ளையாருக்கு முன்னால் கைகூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள் லக்ஷிகா. பார்த்த அம்மா நிலாணிக்கு மனம் குளிர்ந்துபோனது. நேற்று முழுக்க அழுது வீங்கிய முகமா இது!

அழுகைக்குக் காரணம் எதிர் அப்பார்ட்மென்ற் வேரோனிக்கா. அந்தச் சிநேகிதி வீட்டில் ஓர் இரவு தங்க வேண்டும் என்று லக்ஷிகா எத்தனையோ நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "பன்னிரண்டு வயசாகட்டும், விடுறன்" என்று நிலாணிதான் வாக்குக் கொடுத்திருந்தாள். நேற்றுப் பன்னிரண்டாயிற்று.

"நான் எப்ப சொன்னனான்? எனக்கு ஞாபகமே இல்லை. படுக்க எங்களுக்கு வீடில்லையோ?" என்று கேட்டுவிட்டாள் நிலாணி. கேக் வெட்டாமலே பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டது. பாவம், பையைக்கூட அடுக்கி வைத்திருந்தது.

இன்று நிலாணிக்குக் கார் லைசென்சுக்கான றோட் ரெஸ்ற். மூன்று தரம் கோட்டைவிட்டவள் ஒருவழியாகப் பாஸாகிவிட்டாள். மார்ச் மாதத்திலும் பனி கொட்டிக்கொண்டிருக்க, மோர்னிங்சைட்டில் இருக்கும் வீட்டுக்குப் போகாமல், பள்ளி விட்ட மகளையும் இழுத்துக்கொண்டு பஸ் மாறி நேரே கோயிலுக்கு வந்தாள். நேர்ந்தபடி சிதறுதேங்காயும் அடித்தாயிற்று. எதை மறந்தாலும் நேர்த்திக்கடனை மட்டும் எங்கள் சனம் மறக்காது.

"சனிக்கிழமை வந்திருக்கலாம்தானே, அம்மா? இட்ஸ் ஃப்ரீஸிங்!"

"சாமிக்குச் சொன்னதைத் தள்ளிப்போடக் கூடாது பிள்ளை. நாளைக்குக் கார் ஓடப்போற ஆள் நான்."

"மறந்திட்டன் எண்டு சொன்னால்?"

"மனுசரிட்ட அப்பிடிச் சொல்லிச் சமாளிக்கலாம். சாமியிட்டச் சொல்லேலுமோ?"

லக்ஷிகா பிள்ளையாரை ஒருதரம் பார்த்தாள்.

"அம்மா, நானும் ஒரு நேர்த்தி வைச்சனான். நேற்று இரவு. நீங்கள் பாஸ் பண்ணோணும் எண்டு."

நிலாணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு கோபத்திலும் பெற்றவளுக்காகக் கும்பிட்டிருக்கிறதே இந்தப் பிள்ளை! அங்கேயே கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள்.

"என்ர குஞ்செல்லே! என்ன நேர்த்தி? தேங்காயோ, அருச்சனையோ? கடன் வைக்கக் கூடாது. வா, இப்பவே செய்வம்."

"இப்ப ஏலாது, அம்மா. இரவு வேரோனிக்கா வீட்டில படுக்கோணும்."