அந்த மூக்கு

மீட்டரில் பூஜ்யம் நின்றது.

அவள் வால்வில் கை வைத்தாள். இதைத் திறந்தால் தொட்டித் தண்ணீர் ஏரிக்குப் போகும். ஏரியிலிருந்து ஊர்க் கிணறுகளுக்குப் போக அதிக நாள் ஆகாது.

மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவுத் தண்ணீர். தங்கத்தைப் பிரிக்க அந்தக் காலத்தில் சயனைடைக் கொட்டினார்கள். தங்கம் எங்கெங்கோ போய்விட்டது, சயனைடு மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. இப்போது அந்தத் தண்ணீருக்குள் ஓசோனைக் குமிழ் குமிழாக விட்டு விஷத்தை முறிக்கிறார்கள். மிச்சம் எவ்வளவு என்று மீட்டர் காட்டும். ஜெராக்ஸ் கடையில் ஒரு வாசனை வருமே, அதுதான் ஓசோன். அது அவளுக்குத் தெரியும்.

சயனைடின் வாசனைதான் தெரியாது.

நிறையப் பேருக்குத் தெரியாது. அந்த மூக்கு பிறவியிலேயே வர வேண்டும்.

அவள் கணவன் லூர்துவுக்கு இருந்தது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் புதுத் தண்ணீர் எது வந்தாலும் முதல் குடத்தை அவனிடம்தான் நீட்டுவார்கள். அவன் மோந்து பார்த்துத் தலையாட்டினால்தான் தெருவில் உலை ஏறும். மூக்குக்கு ஒரு மாலை போடச் சொல்லு என்று அவள் கிண்டல் செய்வாள்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்குச் சளி பிடித்திருந்தது. வாசலில் குடங்கள் காத்து நின்றன. மூக்கு அடைத்திருக்கிறது என்று சொல்ல ரோஷம் விடவில்லை. உள்ளங்கையைக் குழித்தான். முதல் வாயில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் குடித்தான்.

தெரு பிழைத்தது.

"அம்மா."

மகள் ஸ்டெல்லா. சாப்பாட்டுத் தூக்கோடு தொட்டியருகே நின்றிருந்தாள். அப்பா சாகும்போது கைக்குழந்தை. அவன் முகம்கூட அவளுக்கு நினைவில்லை.

"இன்னாமா இந்தத் தண்ணி? கெட்டுப்போன பாதாம் மாதிரி நாறுது."

லூர்துவும் பாதாம் என்றுதான் சொல்வான். இப்படித்தான் மூக்கைச் சுருக்குவான்.

 வால்விலிருந்து கையை எடுத்தாள்.

சூப்பர்வைசர் வந்து மீட்டரைப் பார்த்தார். பூஜ்யம்தானே, இன்னும் ஏன் திறக்கவில்லை என்றார்.

மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வாசனை வருது சார்."

மீட்டரைக் கழற்றினார்கள். அதன் முனையில் உப்பு படிந்து கல்லாகியிருந்தது. ஓசோன் குழாயில் கீறல். திறந்திருந்தால் என்று சொல்ல வந்த சூப்பர்வைசர் வால்வை இன்னும் இறுக்கி மூடினார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மகளின் கையை விடவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

சேதி அவளுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் குடத்தோடு நின்றார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து குடங்கள்.

"புது போர் தண்ணிம்மா. லூர்து போனதிலேர்ந்து பயந்து பயந்துதான் குடிக்கிறோம். நீ மோந்து பாத்துச் சொல்லு."

குனிந்தாள்.

எப்போதும் போல ஒன்றுமில்லை.

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். அப்படியானால் பகலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்பார்கள்.

ஸ்டெல்லா எட்டிப் பார்க்க வந்தாள். அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். எல்லோரும் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளங்கையைக் குழித்தாள்.