கலியன் எண்ணிய ஏரி

பழவேற்காடு ஏரியில் பனி இறங்கிவிட்டால் எதிர்க்கரை தெரியாது. மூங்கில் கழியை எத்தனை தரம் ஊன்றினோம் என்ற எண்ணிக்கைதான் வழிகாட்டும். அதில் பொய் சொன்னவன் கரை திரும்பியதில்லை என்பதால் படகோட்டி கலியன் பொய் சொல்லமாட்டான்.

மகள் மணியம்மாளைக் கட்டிக்கொடுத்த தீவுக்கு நானூறு ஊன்றல். அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் அது நானூற்று ஆறு ஆயிற்று. பங்குனியில் ஐந்நூறைத் தாண்டிற்று.

"உனுக்கு வயசாயிடுச்சி மாமா" என்று சிரித்த மருமகன், தானே ஒருநாள் ஊன்றிப் பார்த்தான். ஐந்நூற்று முப்பதில் அவன் சிரிப்பு நின்றது. கரை இரண்டும் கரையவில்லை, தண்ணீரும் ஏறவில்லை.

பள்ளிக்கூடத்து வாத்தியார் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்: "வானத்துல எல்லாமே ஒன்ன வுட்டு ஒன்னு வெலகிக்கினு போவுதாம், கலியா. கடைசில எதுக்கும் எதுவும் எட்டாதாம்."

"அது வானத்துக்கு, சார். எம் பொண்ணுக்கு இது ஒம்பதாம் மாசம்."

தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்துவர விடிந்ததும் கிளம்பினான். போய்ச்சேர எண்ணூறு ஆயிற்று. திரும்பும்போது அவள் படகின் முன்முனையில் உட்கார்ந்தாள், இவன் பின்முனையில் நின்று ஊன்றினான். ஆயிரத்தைத் தாண்டியும், பளிச்சென்று தெரிந்த கரை கிட்டே வரவில்லை.

"களைச்சிப் பூட்ட நைனா, இந்தா தண்ணி" என்று மணியம்மாள் சொம்பை நீட்டினாள். கலியன் கையை நீட்டினான். எட்டவில்லை.

"அங்கியே குந்து தாயி, வந்துகினே கீறேன்."

ஆறு பேர் உட்காரும் படகு அது. கழியை வைத்துவிட்டு அதற்குள்ளேயே நூற்றிருபது அடி நடந்தான். அவள் இன்னும் சொம்பை நீட்டியபடிதான் இருந்தாள். வெயிலில் அது கடுகளவு மின்னியது.