சண்டை போட்டு வாங்கிய இடம்

"பெட்டிய மூடிடலாமா, ரோஸ்மேரி? மழ எறங்கிட்டா லோரி மேட்டுல ஏறாதும்மா."

பாதர் இரண்டாவது முறையாகக் கேட்டார். கணவர் ஞானசுந்தரத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ரோஸ்மேரி நிமிரவே இல்லை.

"கொஞ்சம் பொறுங்க, பாதர். சோஃபியா வந்துரட்டும். ஒத்தப் புள்ள. அப்பா மொகத்தப் பாக்காம எப்படி?"

"எங்க வர்றா இப்போ?"

"டூட்டி முடியிற வரைக்கும் விடல, அப்புறம் ட்ரெயின்ல எடம் கெடைக்கலயாம். பஸ்ல வர்றா. பெருநாள் லீவுல்ல, ரோடு பூரா ஜாம். இன்னும் மலையடிவாரம் தாப்பா டவுனுக்கே வரல."

சுவரோரம் நின்ற பிரெட்ரிக்குக்குப் பொறுக்கவில்லை. ஞானசுந்தரத்தோடு இதே தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்தவர் அவர். சோஃபியா தொட்டிலில் கிடந்த காலத்தில் எஸ்டேட்டை விட்டுக் கிள்ளானுக்குப் போனவர், சிநேகிதன் போய்விட்டான் என்றதும் விழுந்தடித்து ஓடி வந்திருந்தார்.

"இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு வாயே இல்ல, தங்கச்சி. சும்மா கேட்டா எடம் குடுப்பானுங்களா? நானும் காலையில ரயில் ஸ்டேஷன்ல அந்தக் கூட்டத்துலதான் நின்னேன். கால் வைக்க எடமில்ல. கவுண்டர்ல நம்ம தமிழ்ப் புள்ளதான். கண்ணு செவந்து தூங்கி வழியுறா. 'முடிஞ்சிருச்சு அங்கிள்'னு மொகத்தக்கூடப் பாக்காம சொல்றா. ஆனா பக்கத்துல ஒரு டிக்கெட்டு தனியா எடுத்து வெச்சிருக்கா!"

"யாருக்காம்?" என்றாள் பக்கத்து வீட்டு நவமணி.

"கேட்டா, 'அது குடுக்க முடியாது'ங்கிறா. தனக்கு வேண்டியவங்களுக்கு ஒதுக்குறான்னு எனக்குத் தெரியாதா? வந்துச்சே கோவம்! 'சாவு வீட்டுக்குப் போறவன் நான், கூப்புடு மேனேஜர'ன்னு ஸ்டேஷனே திரும்பிப் பாக்குற மாதிரி கத்துனேன். அவ என்னமோ சொல்ல வந்தா. மேனேஜர் காதுலயே வாங்கல. கூட்டம் அடங்கினாப் போதும்னு அந்த டிக்கெட்ட எடுத்து என் கையில குடுத்துட்டாரு."

"நல்லாக் கேட்டீங்க, அண்ணே. அவளுக்கு அப்படித்தான் குடுக்கணும் லா."

"இல்லன்னா இவன் மொகத்த நான் பாத்திருப்பனா?" பிரெட்ரிக் குனிந்தார். சிநேகிதனின் குளிர்ந்த நெற்றியை ஆசை தீரத் தடவிக் கொடுத்தார்.

தேயிலை மேட்டுக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நவமணி மறுபடி மறுபடி போன் அடித்துப் பார்த்தாள். லைன் கிடைக்கவில்லை. இனிப் பொறுக்க வழியில்லை என்று ஜெபம் சொல்லிப் பெட்டியை மூடினார்கள். ரோஸ்மேரி போட்ட ஓலத்தில் பாதரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரெட்ரிக்கும் பெட்டிக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

மண் தள்ளிவிட்டு எல்லாரும் நனைந்துகொண்டே திரும்பியபோது, வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. சோஃபியா இறங்கினாள். ஆண்களின் கைகளில் இருந்த சேற்றைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

ஆறுதல் சொல்ல முன்னால் போன பிரெட்ரிக், மாற்றக்கூட நேரமில்லாமல் அவள் போட்டு வந்திருந்த ரயில்வே சட்டையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். பாவி மனுசர் பார்த்தது, காலையில் கவுண்டரில் சிவந்திருந்த அதே கண்களை.

அவளும் அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்களாவது எங்கப்பா மொகத்தக் கடைசியாப் பாத்தீங்களா, அங்கிள்?"