புதன்கிழமைப் பதிவு

“கையைக் கொஞ்சம் தள்ளி வைம்மா, என்ன அடிக்கறேன்னு எனக்குத் தெரியணும்” என்றார் எஸ்டேட்டின் உதவி மேனேஜரான சின்ன துரை ஜெகதீசன்.

செல்வி கீபோர்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

அவளை நம்ப அவருக்கு ஒரு காரணமும் இல்லை. எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. வாசலுக்கு வெளியே குல்லாவைக் கையில் பிடித்தபடி நிற்கிற வாட்ச்மேன் சுடலை அவளுடைய அப்பா.

தேயிலைக் கொழுந்து விலை விழுந்ததிலிருந்து ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடுகிறது. ஓடாத நாளில் கேட்டுக்குக் காவல் சுடலை மட்டும். போன புதன்கிழமை அப்படி ஒரு நாள். அன்று கேட் வழியாகத் தேயிலை மூட்டைகள் வெளியே போயிருக்கின்றன என்பது சனிக்கிழமை ஸ்டாக் பார்த்தபோதுதான் தெரிந்தது. மதியம் சாப்பிடப் போய்த் திரும்பியபோது பூட்டு ஒழுங்காகத் தொங்கியது என்று சுடலை திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேட்டில் ஒரு கேமரா உண்டு. அது பழைய படத்தின் மேலேயே புதியதை எழுதிவிடும் ரகம்; புதன்கிழமை அதில் எப்போதோ போய்விட்டது. ஆனால் அன்றன்றைய படம் சாயங்காலம் பேக்கப்பில் சேர்ந்துவிடும். அதில் புதன்கிழமை இருந்தால் சுடலை பிழைத்தார். இல்லாவிட்டால் மதியத்துக்குள் போலீஸ் ஜீப் வரும். மேனேஜரான பெரிய துரை நவநீதன் அப்படித்தான் சொல்லிவிட்டு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அப்பனைக் காப்பாற்ற மகள் அதை அழித்திருந்தால் என்ன செய்வது என்று காலையில் கேட்டவர் ஜெகதீசன்தான். நியாயமான சந்தேகம். அதனால் அவரையே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

செல்விக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. சனிக்கிழமை கீபோர்டின் மேல் அவள் விரித்துவிட்டுப் போன துணி, இன்று, திங்கட்கிழமை காலை, வந்து பார்த்தபோது நான்காக மடிந்து ஓரமாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டுவதற்குக்கூட ஆள் வருவதில்லை. யார் வந்தார்கள், எதைத் தட்டினார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பேக்கப் புரோகிராமை அவள் ஒருநாளும் நேராக ஓட்டியதில்லை. அதற்கு முன்னால் இன்னொரு சின்ன புரோகிராமை நிறுத்தி வைத்திருந்தாள். நகல் எங்கே இருக்கிறது, பாஸ்வேர்டு என்ன, எந்த வேலையை எப்படிச் செய்வது என்பதெல்லாம் அதன் செட்டிங்ஸில் இருக்கும். என்ன கமாண்டு கொடுத்தாலும் அது இவற்றைத் தானே சேர்த்து உள்ளே இருக்கிற புரோகிராமிடம் கொடுத்துவிடும். அவள் பிரசவ லீவில் போனபோது ஜெகதீசன் இதை வைத்துத்தான் காலம் தள்ளினார்.

இன்று அது அவருக்குப் பிடிக்கவில்லை.

“நடுவுல இது எதுக்கு? என்னத்த மறைக்குதோ. நேரா ஓட்டு.”

செல்வி நேராக ஓட்டினாள்.

ஒன்றும் வரவில்லை. அப்படி ஒரு பேக்கப்பே இல்லை என்றது திரை.

ஜெகதீசன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பெரிய துரையைப் பார்த்தார். சொன்னேனே என்கிற பார்வை. வெளியே குன்னூர்க் குளிரில் சுடலை இருமினார்.

“நேரா போனா அதுக்கு எடமும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாதுங்க சார்” என்றாள்.

அவள் வழியிலேயே காட்டட்டும் என்று பெரிய துரை கையசைத்தார்.

செல்வி அடித்தாள். தேதிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஞாயிறு, சனி, வெள்ளி, வியாழன். புதன்.

“அதெப்படி அங்க இருக்கும்?” என்றார் ஜெகதீசன்.

கேட்டபிறகுதான் தான் கேட்டது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

எஸ்டேட்டில் ஒரு சில்வர் ஓக் மரத்தை வெட்டுவதென்றால் முதலில் சுண்ணாம்பில் குறி போடுவார்கள். பெரிய துரை நடந்து வந்து பார்த்து, சரி என்ற பிறகுதான் கோடரி. பேக்கப்புக்கும் அதே முறைதான் என்று அவர் சொல்லியிருந்ததால், செல்வி அதையும் செட்டிங்ஸில் சேர்த்திருந்தாள். அழிக்கச் சொன்னால் அந்தப் புரோகிராம், அழிய வேண்டியவற்றின் தேதிகளை வரிசையாகக் காட்டிவிட்டு நின்றுகொள்ளும். அவசரத்தில் பார்க்கிறவருக்கு வேலை முடிந்த மாதிரியே இருக்கும். லீவில் போகும் முன் ஜெகதீசனுக்குப் பேக்கப் எடுக்கச் சொல்லிக்கொடுத்தவள், இதைச் சொல்லவில்லை. அவர் எதையும் அழிக்கப் போகிறார் என்று அன்று யார் நினைத்தார்கள்?

“அழிக்கச் சொன்னா அது குறி மட்டுந்தாங்க சார் போடும்” என்றாள் செல்வி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “வெட்டாது.”

பெரிய துரை தலையை ஆட்டினார். அது அவருக்குத் தெரிந்ததுதான். அவர் ஜெகதீசனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமைப் பதிவைத் திறக்கச் சொல்லி யாரும் அவசரப்படுத்தவில்லை.

“சுடலை, உள்ள வா” என்று கூப்பிட்டார் பெரிய துரை. “வந்து உக்காரு.”

சுடலை செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தார். அந்த அறையில் அவர் இதற்குமுன் உட்கார்ந்ததே இல்லை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். பெரிய துரையும் செல்வியும் உட்கார்ந்திருந்தது போக மீதி ஒரே ஒரு நாற்காலிதான்.

ஜெகதீசன் எழுந்துகொண்டார்.