தடத்தில் யானை

பாதை வேலைக்காரன் சிவப்புக் கொடியை விரித்துப் பிடித்தபடி தண்டவாளத்தின் நடுவில் நின்றான்.

மலை ரயில் ஏறி வந்துகொண்டிருந்தது. ஏற்றத்தில் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். டிரைவருக்கு எதிரே இருப்பது எதுவும் தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்மேன்தான் அவருக்குக் கண்.

இன்று சூசை. நல்லவேளை, தெரிந்தவன்.

சூசையும் கொடியைக் காட்டினான். ரயில் நின்றது.

"என்னாண்ணே, யானையா?"

இல்லையென்று தலையாட்டினான். யார் பார்த்தார்கள்! அதற்குள் அந்த வார்த்தை நாலு பெட்டிக்கும் ஓடிவிட்டது. ஜன்னல் பூராவும் தலை, கை, செல்போன்.

பாதையோரக் குடியிருப்பின் வாசலில் அவன் மனைவி மரியபுஷ்பம் சாய்ந்து கிடந்தாள். விறகு பொறுக்கிய இடத்தில் நாகம் தீண்டிவிட்டது. இமை தொங்கிப் போச்சு. நாக்கு குழறியது.

போனில் சிக்னல் இல்லை. ரோட்டுக்கு ஏறவே ரெண்டு மணி நேரம். ரயில் என்றால் முக்கால் மணியில் மேலே ஆஸ்பத்திரி.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பாதை வேலைக்காரக் குடும்பங்கள் கார்டு பெட்டியில் ஏறிப் போய்க்கொண்டுதான் இருந்தன. பாரம்பரிய ரயில் என்று போர்டு மாட்டினார்கள். அதோடு அந்த வழக்கம் நின்றது. பாதையைத் தினமும் தட்டிப் பார்க்கிறவனுக்கு இடமில்லை. என்ன பாரம்பரியமோ!

கார்டு வரதராஜுலு இறங்கி ஓடிவந்தார். அவர் பின்னாலேயே இருபது முப்பது பேர்.

"எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?"

புதரை எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் அவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். படத்தில் விழுகிறானாம்.

கார்டு அவளைப் பார்த்தார். "தூக்குங்கடா" என்றார்.

அவனும் சூசையுமாகத் தூக்கி கார்டு பெட்டியில் கிடத்தினார்கள். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

இறங்கினவர்களை ஏற்றத்தான் நேரமானது. கார்டு விசில் ஊதினார். கெஞ்சினார். யானை இல்லை என்றார். நம்பினால்தானே? எங்களிடம் மறைக்கிறீர்களா என்று ஒருத்தர் சண்டைக்கே வந்துவிட்டார்.

அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது அவனுக்கு. மரியபுஷ்பத்தின் தலை மடியில் இருந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

பதினேழு நிமிஷம்.

ரயில் கிளம்பியதும் கார்டு நோட்டை எடுத்தார். எங்கே நின்றது, எவ்வளவு நேரம், ஏன் என்று எழுதியாக வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். நல்ல மனுஷன்.

"பொண்டாட்டிக்காக ரயிலை நிறுத்தினேன்னு எழுதினா உன் வேலை போயிடும்பா. யானைன்னு போட்டுடறேன். யார் கேட்டாலும் அதையே சொல்லு."

"சரிங்கய்யா."

எழுதிக் காட்டினார். அவன் அதைப் படிக்கவில்லை. அவள் மூச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஸ்டேஷன் மாஸ்டரும் கூடவே வந்தார். ரயில் ஏன் தாமதம் என்று அவர் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

டாக்டரம்மா இமையை விலக்கி டார்ச் அடித்தார். நாடியைப் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஏம்ப்பா, இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தே?"

ஸ்டேஷன் மாஸ்டர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வழியில யானைங்கம்மா," என்றான்.