துண்டுக்குள் மூன்று விரல்

மைக்கில் அவள் பெயரை வாசித்தார்கள்.

முதலில் பெயர். பிறகு படித்த கல்லூரி. பிறகு, வட்டியோடு சேர்த்து, பாக்கி.

"மோகனப்பிரியா. ஏழு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். ஜாமீன், தந்தை திருமலைச்சாமி. மேடைக்கு வரவும்."

கல்யாண மண்டபம் அது. கல்விக்கடன் தீர்வு முகாமுக்காக வங்கி ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தது. வாசலில் யார் கல்யாணத்துக்கோ கட்டிய வாழைமரம் இன்னும் வாடவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் இடத்தில் மேசை போட்டு ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

கீழே நாற்காலிகளில் பாதிப் பொள்ளாச்சி இருந்தது. அத்தை ஊர்க்காரர்கள். பள்ளியில் கூடப் படித்தவன். சந்தைக்கு மாடு கொண்டுவரும் இரண்டு பேர்.

ஏழு லட்சம் என்றதும் அத்தனை தலையும் திரும்பியது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடிக்கொண்டா ஓடினாள்? நாலு லட்சம் வாங்கினாள். இன்ஜினியரிங் படித்தாள். சேரும்போது வேலைக்கு நாங்கள் பொறுப்பு என்ற கல்லூரி, முடித்ததும் கைகழுவியது. இப்போது தென்னைநார் மில்லில் பில் போடுகிறாள். வாங்குகிற சம்பளம் வட்டிக்கே காணாது. போன மாதம் வங்கியிலிருந்து மில் முதலாளிக்கே போன் போட்டு, உங்களிடம் வேலை பார்க்கிற பெண் கடன்காரி என்று சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா முன்னால் நடந்தார். சலவை வேட்டி. தோளில் பச்சைத் துண்டு. அவர் மாட்டுத் தரகர். சந்தை நாளில் அப்படித்தான் கிளம்புவார்.

அதிகாரி அவரை உட்காரச் சொல்லவில்லை. அவளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். சத்தம் வரட்டும் என்றே இழுத்தாள்.

"ரெண்டு வழி இருக்கு." அதிகாரி மைக்கை அணைக்காமலே பேசினார். "மொத்தமா ஒரே தடவைல கட்டினா தள்ளுபடி உண்டு. எவ்வளவு முடியும்னு சொல்லுங்க, பாக்கலாம். இல்லேன்னா மாசத் தவணை. பத்து வருஷம். அதுல ஒரு ரூபா குறையாது."

மண்டபம் முழுக்கக் கேட்டது.

"எவ்வளவு முடியும்?"

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். வலது கையின்மேல் போட்டார். அந்தக் கையை மேசைக்கு மேலே அதிகாரியிடம் நீட்டினார்.

"கையக் குடுங்க சார்."

சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குள் கையைவிட்டு விரலைப் பிடிப்பார்கள். எத்தனை விரலோ அத்தனை. ஆயிரமா லட்சமா என்பது பிடித்தவருக்கும் கொடுத்தவருக்கும் தெரியும். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. இல்லாதவன் எவ்வளவு இறங்கிப்போனான் என்பதை ஊர் பார்க்கக்கூடாது.

அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இதென்னங்க? வாயால சொல்லுங்க. மைக்ல பதிவாகணும்."

கீழே சிரித்தார்கள். மாட்டுக்காரர்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அப்பாவின் கை நீட்டியபடியே நின்றது. பழக்கத்தில் நீட்டிவிட்டார். எப்படி மடக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த மைக்கைப் பிடுங்கி உடைக்க வேண்டும் போல இருந்தது அவளுக்கு. சிரித்த ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி எழுப்பி, உன் பாக்கி எவ்வளவு என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

கேட்கவில்லை. தன் வலது கையைத் துண்டுக்குள் விட்டாள்.

அப்பா திடுக்கிட்டார். பிறகு அவள் விரல்களைப் பிடித்தார்.

மூன்று.

மூன்று லட்சம்.

அப்பாவிடம் மூன்று லட்சம் ஏது? கிடைக்கிற தரகில் அந்தந்த வாரம் சாப்பிடுகிறவர். அவர் பேரில் இருப்பது ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறை ஓட்டு வீடு ஒன்றுதான். அவசரத்துக்கு விற்றால் அவ்வளவுதான் வரும். அந்த வீட்டில் அம்மா இந்நேரம் அரிசி களைந்துகொண்டிருப்பாள்.

வீட்டை யாரிடமோ பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அம்மாவுக்குத் தெரியாது. மகளிடமும் சொல்லவில்லை.

இப்போது கோபம் அவர்மேல் திரும்பியது. அதிகாரியின்மேல் வந்ததைவிடப் பெரிய கோபம்.

விரல்களை உருவிக்கொண்டாள். அவருடைய விரல்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். வியாபாரம் வேண்டாம் என்பதைச் சந்தையில் அப்படித்தான் சொல்வார்கள். தரகர் மகளுக்கு அது தெரியாதா?

"மாசத் தவணை," என்றாள் மைக்கைப் பார்த்து. "பத்து வருஷம். நானே கட்டறேன். பதிவாயிருச்சுங்களா?"

அதிகாரி முதல்முறையாக மைக்கைக் கையால் பொத்தினார்.

"கல்யாண வயசும்மா உனக்கு. பத்து வருஷத்துக்கு இதைச் சுமந்துட்டு இருந்தா யாரு வருவா? யோசிச்சுச் சொல்லு."

"கையெழுத்து எங்க போடோணும்?"

அவர் தாளைத் தள்ளினார். பேனாவை அதன்மேல் வைத்தார். கீழே சிரிப்பு நின்றிருந்தது.

அவள் கையை வெளியே எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

அவள் மூடிவிட்ட அவர் கை எப்போதோ திறந்திருந்தது. துண்டுக்குள் அப்பா அவள் கையை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். விலை பேசுகிறவர்கள் அப்படிப் பிடிக்கமாட்டார்கள்.

"விடுங்கப்பா."

அவர் அவளைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கையெழுத்துப் போடுகிற கை அது.

அவர் விடவில்லை.