லோனி கேட்ஸ் யார்?

"உங்கம்மா சவப்பெட்டி முன்னால நின்னு பாடணும்னா, முதல்ல சபை முன்னால நின்னு பாவத்தை அறிக்கை பண்ணணும், ஓசெல்லா. உனக்குத் தெரியாத முறையா இது?" என்றார் சர்ச்சின் மூப்பர், டீக்கன் டூலி.

ஓசெல்லா மெம்பிஸிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தாள். முப்பது வருடமாக ப்ளூஸ், சோல் என்று சர்ச்சுக்கு ஆகாத காதல் பாட்டுகள் பாடிப் பேர் வாங்கியவள். மிசிசிப்பியில் அவள் குரல் கேட்காத ரேடியோப் பெட்டி கிடையாது. இன்று அவள் கேட்டது ஒரே ஒரு பாட்டுத்தான். சவப்பெட்டியில் வெள்ளை உடுப்போடு படுத்திருந்த அம்மா லவேடாவுக்கு, வழியனுப்பும் பாட்டு.

"பாடித்தான் சாப்பிட்டேன், டீக்கன். அதைப் பாவம்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

"அப்ப கடைசி பெஞ்சில போய் உக்காரு. உன்னைச் சபையை விட்டு நீக்கின அன்னைக்கு முதல்ல கை தூக்கினது யாரு? உங்கம்மா! பெத்த பொண்ணாச்சேன்னு பார்க்கல. வீட்டுல ஒரு ரேடியோ வெச்சதில்ல அந்த மகராசி. நாற்பது வருஷம் இந்தச் சபைக்கே தாயா இருந்தவ. அவ முன்னால நீ இப்படியே வந்து பாடினா, ஊரு அவளைத்தான் பேசும்."

ஓசெல்லா அம்மாவின் வெள்ளை உடுப்பில் இருந்த கசங்கலை நீவிவிட்டாள்.

"சரி, நிக்கிறேன்."

ஆராதனை தொடங்கியது. சர்ச் நிரம்பி வழிந்தது. பெண்கள் காகித விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஓசெல்லா முன்னால் போய் நின்றாள்.

"குடிக்கிற கொட்டகையில பாடினேன். ஆண்டவர் கொடுத்த குரலை அங்கே கொண்டு போனேன்."

"சொல்லும்மா, சொல்லு!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி உருகினாள். "ஆண்டவர் கேக்கிறாரு!"

டீக்கன் விடவில்லை. "கெடுத்தவன் பேரையும் சொல்லணும். அதுதான் முறை. உன் இசைத்தட்டு ஒவ்வொண்ணுலயும், எழுதினது லோனி கேட்ஸ்னு போட்டிருக்கு. கட்டில், கள்ளப் புருஷன், பின்வாசல்... சீ! யாரு அந்தப் பய?"

"ஒவ்வொண்ணுலயுமா? அத்தனையும் உங்க வீட்டுல இருக்கா, டீக்கன்?"

விசிறிகள் சட்டென்று வாய்களை மறைத்தன. பாஸ்டருக்கே இருமல் வந்துவிட்டது.

"பேச்சை மாத்தாத! வேதபுத்தகத்து மேல கையை வெச்சுச் சொல்லு. சொல்லலன்னா பாட்டு கிடையாது."

கையை வைத்தாள். பெட்டிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"லோனி கேட்ஸ்னு ஒருத்தன் கிடையாது. நான்தான் அது. ஒவ்வொரு வரியும் நான் எழுதினது. என்னை யாரும் கெடுக்கல."

"அடேயப்பா! அவ்வளவு அழுக்கும் உன் நெஞ்சுக்குள்ள இருந்துதானா வந்துச்சு!"

"ஆமா, டீக்கன்."

"பெத்தவ நல்ல வேளை இதைக் கேக்கல" என்று டூலி உட்கார்ந்தார். பாஸ்டர் வலக்கையை நீட்டி அவளை மறுபடி சபையில் சேர்த்துக்கொண்டார்.

பிறகு அவள் பாடினாள். முதல் அடியிலேயே விசிறிகள் நின்றுவிட்டன. இரண்டாவது அடியில் முன்வரிசைப் பெண்கள் எழுந்து கையை உயர்த்தினார்கள். டீக்கன் கைக்குட்டையைத் தேடி எல்லாப் பையிலும் துழாவினார்.

ஒவ்வொருவராக வந்து முகம் பார்த்து நகர்ந்தார்கள். மூடியைச் சாத்துவதற்கு முன், கடைசியாக ஓசெல்லா குனிந்து அம்மாவின் குளிர்ந்த கன்னத்தில் முத்தமிட்டாள். காதோரம் மெல்லச் சொன்னாள்:

"பைபிள் மேல பொய் சொல்லிட்டேம்மா. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்து, கதவைச் சாத்திக்கிட்டு நீ எழுதி எனக்குத் தபால்ல அனுப்பினியே, அந்த நாற்பத்தோரு பாட்டும் இனிமே நான் எழுதினதுதான். நீ நிம்மதியாப் போ."